படுத்துக் கெடக்குற வீடியோவ நிக்க வைக்கலாமா? – வாசகர் கேள்வி பதில்

கல்யாண சீசன் முடியுற நேரம்ங்கறதாலயோ என்னமோ, இந்த தடவ வந்த கேள்விங்கள்ல முக்காவாசி ஒரே சமாச்சாரம்தான். அகலமா எடுத்து வெச்சிருக்க வீடியோவ ரீல்ஸுக்கும் ஷார்ட்ஸுக்கும் நெட்டுவாக்குல மாத்துறது எப்படி? சரி, பிரிண்டர், வைஃபை, லேப்டாப் சூடாவுறது எல்லாத்தையும் அடுத்த இதழுக்கு தள்ளிட்டு இத மட்டும் பாத்துடுவோம்.

கேள்வி: அண்ணே, திருவந்திபுரத்துல ஒரு கல்யாணம் கவரேஜ் பண்ணோம். எல்லாமே 16:9 அகல ஃப்ரேம், ஃபுல் எச்டி. இப்ப பொண்ணு வீட்டுல ரீல்ஸ் வேணும்ங்கறாங்க. அடோபி பிரீமியர் எடிட்டிங் சாஃப்ட்வேர்ல, ஆள தானா ஃபாலோ பண்ணி வெட்டித் தர்ற ஆட்டோ ரீஃப்ரேம் போட்டா நம்ம மாப்பிள்ளைய விட்டுட்டு பக்கத்துல தாலி கட்டுற வேற மாப்பிள்ளைய தொரத்திட்டுப் போவுது. இத எப்படி அடக்குறது? (திருப்பாதிரிப்புலியூர் வாசகர்)

பதில்: திருவந்திபுரம் கோயில்னா இது நடக்காம இருந்தாதான் ஆச்சரியம் தம்பி. நல்ல முகூர்த்த நாள்ல அங்க ஜோடி ஜோடியா பக்கத்துல பக்கத்துல உக்காந்திருப்பாங்க, நம்ம மாப்பிள்ளை தோளுக்குப் பின்னாடியே இன்னொரு மாப்பிள்ளை தாலிய கையில வெச்சுக்கிட்டு ஐயர் எப்ப சொல்லுவாருன்னு அவரு மூஞ்சியப் பாத்துட்டு இருப்பாரு, ரெண்டு பேருக்கும் அதே பட்டு வேட்டி அதே மாலை. ஆட்டோ ரீஃப்ரேம் பாக்குறது மூஞ்சி எங்க இருக்கு, எது அசையுது, அவ்ளோதான். நமக்கு அட்வான்ஸ் குடுத்தவரு யாருன்னு அதுக்கு எப்படி தெரியும்?

மொதல்ல ஒரு கணக்கு. ஃபுல் எச்டி ஃப்ரேம் 1920 அகலம், 1080 உயரம். உயரத்த முழுசா வெச்சுக்கிட்டு ரீலோட நெட்டு அளவான 9:16-க்கு வெட்டுனா கையில மிஞ்சுற அகலம் சுமாரா 607 பிக்சல். அதாவது நீங்க எடுத்த படத்துல மூணுல ஒரு பங்கு கூட முழுசா இல்ல. மிச்சம் ரெண்டு பங்கும் குப்பைக்கு. அதனால நான் எப்பவும் ஃப்ரேம மூணு கட்டமாத்தான் பாக்குறது, இடது, நடு, வலது. ஒவ்வொரு ஷாட் வரும்போதும் இந்த ஷாட்டு யாரோடதுன்னு கேளுங்க, பதில் வந்துட்டா எந்தக் கட்டம்னு தானா தெரிஞ்சிடும். பதில் வரலியா, அந்த ஷாட் ரீலுக்கு வேணாம், தூக்கிடுங்க. கூட்டமா காட்டுற ஷாட்டுங்க பாதிக்கு மேல இப்படித்தான் அடிபடும், படட்டும், ரீலுக்கு அது தேவையே இல்ல.

இப்ப வேலைக்கு வருவோம். சீக்வென்ஸ் (கிளிப்புங்கள அடுக்குற டைம்லைன்) மெனுவுல ஆட்டோ ரீஃப்ரேம் சீக்வென்ஸ் குடுத்தா அது உங்க ஒரிஜினல தொடாது, புதுசா ஒரு சீக்வென்ஸ் போட்டுத் தரும், அதனால பயப்படாம செய்யலாம். அதுல மோஷன் டிராக்கிங்னு மூணு சாய்ஸ் இருக்கும், ஸ்லோவர், டிஃபால்ட், ஃபாஸ்டர். கல்யாணத்துக்கு கண்ண மூடிட்டு ஸ்லோவர் போடுங்க, ஃபாஸ்டர் எல்லாம் ஓடுற பந்த புடிக்கறதுக்குத்தான். அதுக்குக் கீழ கிளிப் நெஸ்டிங் கேக்கும், இத நெறைய பேர் படிக்காமலே ஓகே குடுத்துடறாங்க. நீங்க ஏற்கெனவே கிளிப்புல ஜூம் கீஃப்ரேம் (எந்த எடத்துல எவ்ளோ ஜூம்னு வெக்கிற குறி) எல்லாம் போட்டு வெச்சிருந்தீங்கன்னா நெஸ்ட் பண்ணச் சொல்லுங்க, அதாவது கிளிப்ப ஒரு உறைக்குள்ள போட்டுக்கிறது, இல்லன்னா அந்த ஜூம் மொத்தத்தையும் அழிச்சிட்டு அது இஷ்டத்துக்கு போட்டுக்கும்.

அப்பறம் உக்காந்து ஷாட் ஷாட்டா பாருங்க. சரியா வந்தத விட்டுடுங்க. லேசா தள்ளியிருந்தா எஃபெக்ட் கன்ட்ரோல்ல ரீஃப்ரேம் ஆஃப்செட் இருக்கு, அதுல நகர்த்துனா போதும். வேற மாப்பிள்ளைய புடிச்சிட்ட ஷாட்டுல மாத்திரம் அந்த எஃபெக்ட்டையே டெலிட் பண்ணிட்டு ஸ்கேல் (படத்தோட சைஸ்) 178 பர்சென்ட் வெச்சு, பொசிஷன்ல பக்கவாட்டுல நகர்த்தி நீங்களே கட்டத்த நிறுத்துங்க. கட்டம் நகரவே வேணாம், நிக்கட்டும். தாலி கட்டுறப்ப எவனும் எங்கயும் ஓடப் போறதில்ல.

இன்னொண்ணு, இது நானா ரசிச்சு செய்யுறது. அந்தத் தாலி கட்டு ஷாட் ஒரே நீளமா இருக்கும்ல, அத நடுவுல ரேசர்ல வெட்டிடுங்க. மொதப் பாதிக்கு நடுக் கட்டம், முடிச்சு போடுற கை. அடுத்த பாதிக்கு வலது கட்டம், அங்க ஓரமா ஒரு பாட்டி அட்சதைய போடவும் மறந்துட்டு உள்ளங்கையில இறுக்கி வெச்சுக்கிட்டு பாத்துட்டு நிப்பாங்க. அகல வீடியோல அந்தப் பாட்டிய ஒருத்தரும் கவனிச்சிருக்க மாட்டாங்க, இங்க அவங்களுக்குத் தனி ஷாட்டே கிடைக்குது. ஒரு கேமராவுல எடுத்தது ரெண்டு கேமராவுல எடுத்த கணக்கா ஆயிடும். ஆனா ரெண்டு கட்டமும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறாம பாத்துக்கணும், ஏறுச்சுன்னா வெட்டு குதிக்கிறது பச்சையா தெரியும். பக்கத்து ஜோடி ஃப்ரேம்ல இருந்து போயிடுறது இதுல போனஸ், அகல வீடியோல அவங்கள ஒளிக்க நீங்க பட்ட பாடெல்லாம் இங்க தேவையில்ல.

கேள்வி: ரொட்டேட்ல 90 டிகிரி குடுத்தேன், ஸ்கிரீன் முழுக்க ஃபில் ஆயிடுச்சு, ஆனா எல்லாரும் படுத்திருக்காங்க. (நெல்லிக்குப்பம் வாசகர்)

பதில்: படுத்துத்தான் இருப்பாங்க. ரொட்டேட் திருப்புறதுக்கு, நாம செய்யுறது வெட்டுறது. ஆனா சில பேருக்கு இதே பிரச்சனை தலைகீழா வரும், போன்ல நெட்டுக்குத்தாதான் எடுத்திருப்பாங்க, எடிட்டிங்ல போட்டா படுத்துக்கும். அதுக்குக் காரணம் வேற. நீங்க போன எப்படிப் புடிச்சாலும் உள்ள சென்சார் படுத்தவாக்குலதான் பதியுது, கூடவே இத இவ்ளோ டிகிரி திருப்பிக் காட்டுன்னு ஒரு குறிப்பு ஃபைல்ல எழுதி வெச்சிடும், பழைய சாஃப்ட்வேருங்க சிலது அந்தக் குறிப்ப படிக்கறதில்ல. அங்க மட்டும் 90 டிகிரி ரொட்டேட் போடுங்க, தப்பே இல்ல.

கேள்வி: 4கே-ல எடுத்தா வெட்டுனாலும் ஷார்ப்பா இருக்கும்னு எல்லாரும் சொன்னாங்க. 4கே-லதான் எடுத்தேன். ஆனா வெர்டிகல் ஆக்குனா எச்டி-ய விட மோசமா, வழவழன்னு தெரியுது. கேமரா ஏமாத்திடுச்சா? (முதலியார்பேட்டை வாசகர்)

பதில்: கேமரா மேல பழி போடாதீங்க, எனக்கு சந்தேகம் வேற இடத்துல. பிரீமியர்ல கிளிப் மேல ரைட் கிளிக் பண்ணி ஸ்கேல் டு ஃப்ரேம் சைஸ் குடுத்திருப்பீங்க, கரெக்டா? இல்லன்னா பிரெஃபரன்ஸ்ல அது டிஃபால்ட்டா ஆன் ஆயிருக்கும்.

அது என்ன செய்யுதுன்னு பாருங்க. 4கே கிளிப் 3840-க்கு 2160. அத 1080-க்கு 1920 சீக்வென்ஸ்ல போட்டதும், அகலம் உள்ள அடங்கணும்னு மொத்தப் படத்தையும் 1080-க்கு 608 சைஸுக்கு சுருக்கிடுது, அதோட நிறுத்தாம அந்த சுருங்குன படத்தையே 100 பர்சென்ட்னு கணக்கு வெச்சுக்குது. நீங்க மேல கீழ கருப்பு தெரியுதேன்னு ஸ்கேல 316-க்கு ஏத்துவீங்க. ஏறுறது 4கே இல்ல, அந்தச் சுருங்குன பொடிப் படம். வழவழன்னு இல்லாம என்ன பண்ணும்?

அத எடுத்துட்டு செட் டு ஃப்ரேம் சைஸ் குடுங்க, வெர்ஷனுக்கு வெர்ஷன் பேரு லேசா மாறும், ஆனா வேலை இதான், பிக்சல தொடாம ஸ்கேல் நம்பர மட்டும் மாத்தும். அப்பறம் உயரம் நிறையுற வரைக்கும் ஏத்துனா 89 கிட்ட வந்து நிக்கும். 100-க்கு கீழ இருக்குற வரைக்கும் நீங்க ஒரிஜினல் பிக்சல்லதான் இருக்கீங்க. 2160 உயரத்துல 9:16 வெட்டுனா 1215 அகலம் வரும், நமக்கு வேண்டியது 1080தான், அப்ப கொஞ்சம் ஜூம் பண்ணிக்கக்கூட இடம் இருக்கு. ஃபுல் எச்டி-ல அந்த சொகுசு கெடையாது, 178-ல ஆரம்பிக்கிறதே பெருக்குறதுதான், அதுக்கு மேல ஜூம் வேண்டவே வேண்டாம்.

டாவின்சி ரிசால்வ்ங்கற எடிட்டிங் சாஃப்ட்வேர் வெச்சிருக்கவங்களுக்கு இந்தத் தொல்லை இல்ல, அது எப்பவும் ஒரிஜினல் ஃபைல்ல இருந்துதான் சைஸ் மாத்தும்.

கேள்வி: காலேஜ் படிக்கிறேன் சார், மாசா மாசம் சந்தா கட்டுற சாஃப்ட்வேர் எல்லாம் ஒத்து வராது. கிராக் வெர்ஷன் போடவும் பயமா இருக்கு. ஃப்ரீயா எதுல பண்ணலாம்? (பண்ருட்டி வாசகர்)

பதில்: பயப்படுறது நல்லதுதான், கிராக்கோட சேந்து என்னென்ன வரும்னு தெரியாது. ரிசால்வோட ஃப்ரீ வெர்ஷனே தாராளம், வாட்டர்மார்க் எல்லாம் போடாது. டைம்லைன டூப்ளிகேட் பண்ணி, டைம்லைன் செட்டிங்ஸ்ல யூஸ் ப்ராஜெக்ட் செட்டிங்ஸ் டிக்க எடுத்துட்டு, யூஸ் வெர்டிகல் ரெசல்யூஷன் டிக் பண்ணுங்க. ஸ்கேலிங்ல ஸ்கேல் ஃபுல் ஃப்ரேம் வித் கிராப்னு ஒண்ணு இருக்கும், அதப் போட்டா எல்லா கிளிப்பும் ஒரே அடியில உயரத்த நிறைச்சிக்கும், பக்கவாட்டுல நகர்த்துறது மட்டும்தான் உங்க வேலை. தானா ஆள ஃபாலோ பண்ற ஸ்மார்ட் ரீஃப்ரேம் மட்டும் காசு குடுத்து வாங்குற ஸ்டூடியோ வெர்ஷன்லதான். அது இல்லன்னு வருத்தப்படாதீங்க, மேல திருவந்திபுரம் கதைய படிச்சீங்கல்ல.

லேப்டாப் ரிசால்வ தாங்கலன்னா ஷாட்கட்னு இன்னொரு ஃப்ரீ சாஃப்ட்வேர் போடுங்க. வீடியோ மோட்ல வெர்டிகல் எச்டி ரெடியாவே இருக்கு, சைஸ் பொசிஷன் அண்ட் ரொட்டேட் ஃபில்டர் போட்டு ஃபில் குடுத்தா முடிஞ்சுது. பாக்க கொஞ்சம் பழைய காலத்து சாப்பாட்டுக் கடை ரேஞ்சுல இருக்கும், வேலை சுத்தம்.

கேள்வி: எங்க ஏரியா பெரியவங்கள உக்கார வெச்சு பேட்டி எடுக்குறோம். கேக்குறவரு இடது ஓரம், பேசுறவரு வலது ஓரம், நடுவுல டீபாய். வெட்டுனா டீபாய்தான் வருது! (லாஸ்பேட்டை வாசகி)

பதில்: டீபாய பேட்டி எடுத்த மொத ஆளு நீங்களாத்தான் இருக்கும்!

இதுக்கு வெட்டுறதுக்குப் பதிலா அடுக்கிடுங்க. நெட்டு ஃப்ரேம குறுக்க ரெண்டாப் பிரிச்சா மேல ஒரு 1080-க்கு 960, கீழ ஒரு 1080-க்கு 960. அதே கிளிப்ப ரெண்டு டிராக்ல போட்டு, மேல பெரியவரு, கீழ கேக்குறவரு. இதுல ஒரு நல்ல விஷயம் என்னன்னா, 960 உயரத்துக்கு ஃபுல் எச்டி படத்த பெருக்கவே வேண்டாம், சுருக்கணும், ஸ்கேல் 89-லயே உக்காந்துடும். அதனால படம் கிளியரா இருக்கும், நெட்டா வெட்டுறத விட இதுல குவாலிட்டி ஜாஸ்தி. ரெண்டு பேரோட கண்ணும் அவங்கவங்க பாதியில ஒரே உயரத்துல வர்ற மாதிரி வெச்சிட்டீங்கன்னா பாக்க லட்சணமா இருக்கும்.

ஆனா முழு நேரமும் அடுக்கியே வெச்சிருக்காதீங்க. பெரியவரு சுவாரசியமா ஒண்ணு சொல்ல ஆரம்பிச்சதும் அவர மட்டும் முழு ஸ்கிரீன்ல போடுங்க, கேக்குறவரு சிரிக்கிறப்ப திரும்ப அடுக்குக்கு வாங்க. பேச்சோட ஏத்த இறக்கத்த வெச்சு மாத்துனீங்கன்னா ஒரே கேமரான்னு சொன்னாத்தான் தெரியும்.

கேள்வி: வீராம்பட்டினம் செங்கழுநீர் அம்மன் தேர எடுத்தேன். தேரு நெட்டா இருக்கு, அதனால வெர்டிகல் சூப்பரா வரும்னு நெனச்சேன். ஆனா பாக்குறப்ப தலை சுத்துது, படம் அலையுது. கலசமும் கட் ஆவுது. (அரியாங்குப்பம் வாசகர்)

பதில்: தேருங்கறது வெர்டிகலுக்குன்னே பொறந்ததுதான், உங்க யோசனை சரி. அலையுறதுக்குக் காரணம், நீங்க எடுக்கும்போதே தேரோட சேத்து கேமராவ பேன் பண்ணியிருக்கீங்க, அதுக்கு மேல சாஃப்ட்வேர் தன் பங்குக்கு இன்னொரு பேன் போடுது, ரெண்டும் சேந்து ஷேர் ஆட்டோவுல தொங்கிட்டு பாக்குற மாதிரி ஆயிடுது. கேமரா நகந்த ஷாட்டுல கட்டத்த நிறுத்தி வைங்க. கேமரா நின்ன ஷாட்டுல மட்டும் கட்டத்த நகர்த்துங்க. அதுவும் ஆரம்பத்துல ஒரு கீஃப்ரேம், முடிவுல ஒண்ணு, ரெண்டுக்கும் ஈஸ் இன் ஈஸ் அவுட் (மெதுவா கெளம்பி மெதுவா நிக்கிறது), அவ்ளோ போதும். ஃப்ரேமுக்கு ஃப்ரேம் கீ வெச்சா நடுங்கத்தான் செய்யும்.

கலசத்துக்கு வைத்தியம் கெடையாது. உயரம் முழுசையும் ஏற்கெனவே எடுத்துக்கிட்டோம், பக்கவாட்டுலதான் நகர இடம் இருக்கு, மேல கீழ ஒரு பிக்சல்கூட மிச்சம் இல்ல, எடுக்கும்போது மேல விட்டது விட்டதுதான்.

இன்னொரு விஷயம் கவனிங்க. தேர மட்டும் நடுக் கட்டத்துல வெச்சா தேரு இருக்கும், இழுக்குற ஆளுங்க இருக்க மாட்டாங்க. பிரெஞ்சுக்காரங்க காலத்துல கவர்னரே வந்து வடம் புடிச்ச ஊரு, இன்னிக்கும் கவர்னரும் முதலமைச்சரும் வந்து வடம் தொடுறத பாக்கத்தான் பாதி கூட்டம் வருது. வடத்துக்கு ரெண்டு மூணு ஷாட் தனியா ஒதுக்குங்க, கயிறு ஓரக் கட்டத்துல குறுக்கா ஓடுற இடமா பாத்து.

கேள்வி: எங்கப்பா 2000-ங்கள்ல எடுத்த மாசி மகம் கேசட் இருக்கு, தேவனாம்பட்டினம் கடற்கரையில சாமிங்க தீர்த்தவாரிக்கு வந்தது. கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சு. ரீலா போடலாம்னு பாத்தா சாமி அசையுறப்பல்லாம் சீப்பு பல்லு கணக்கா கோடு கோடா வருது. (கடலூர் முதுநகர் வாசகர்)

பதில்: ஐயோ, இத பத்திரமா பாத்துக்கோங்க, மொதல்ல அந்த ஃபைலுக்கு இன்னொரு காப்பி எடுத்து வேற டிஸ்க்ல வெச்சிட்டு மேல படிங்க.

அந்தக் கோடு வியாதி இல்ல, அந்தக் காலத்து கேமரா படம் எடுக்குற விதம். மினி DV கேசட்டுன்னா 720-க்கு 576, வினாடிக்கு 25 ஃப்ரேம். ஒவ்வொரு ஃப்ரேமும் ரெண்டு பாதியா இருக்கும், ஒத்தப்படை வரிங்க ஒரு நொடித்துளியில, ரெட்டைப்படை வரிங்க அடுத்த துளியில. பழைய டியூப் டிவில தெரியாது, இப்ப இருக்க ஸ்கிரீன்ல ரெண்டையும் ஒண்ணா காட்டுறதால அசையுற எடத்துல பல்லு பல்லா தெரியும். அந்த ரெண்டு பாதியையும் சரியா பிரிக்கணும், அதுக்குப் பேருதான் டீஇன்டர்லேஸ். ஃபைல் DV ஃபார்மட்லயே இருந்தா ஃபீல்டு ஆர்டர் (எந்தப் பாதி மொதல்லங்கறது) லோயர் ஃபர்ஸ்ட்னு குடுங்க, மாத்திக் குடுத்தா சாமி முன்னாடி ஒரு அடி பின்னாடி ஒரு அடின்னு வெடவெடக்கும். முக்கியமா, இத மொதல்ல பண்ணிட்டுத்தான் சைஸ் மாத்தணும். பெருக்கிட்டு அப்பறம் டீஇன்டர்லேஸ் பண்ணா அந்தப் பல்லு படத்தோடயே வெந்துடும், அப்பறம் பிரிக்கவே முடியாது.

இப்ப வெட்டுறது. 576 உயரத்துல 9:16 வெட்டுனா 324தான் அகலம் மிஞ்சும், அத 1080 ஆக்க மூணு மடங்குக்கு மேல பெருக்கணும். தயவு செஞ்சு பண்ணாதீங்க, கடலும் கூட்டமும் சாமியும் ஒண்ணா கஞ்சியாயிடும். முழுப் படத்தையும் அகலத்துக்கு நிறுத்துங்க, 4:3 படம்ங்கறதால 1080-க்கு 810 வரும், ஸ்கிரீன்ல நல்லாவே எடம் புடிச்சிக்கும். மேல எந்த வருஷம், எந்தக் கடற்கரைன்னு ஒரு வரி. பின்னாடி அதே படத்த மங்கலாக்கி போடுற ப்ளர் பேக்கிரவுண்டு எனக்கு ஆவவே ஆவாது, எல்லாரும் போட்டுப் போட்டு சலிச்சுப் போச்சு, கண்ணையும் இழுக்குது. வெறும் கருநீலமோ கருப்போ விடுங்க. உங்கப்பா எடுத்த ஃப்ரேம் முழுசா தெரியட்டும்.

கேள்வி: கண்ணு ரெண்டும் பக்கவாட்டுலதானே இருக்கு? டிவி, சினிமா எல்லாம் அகலம்தானே? இவனுங்க ஏன் நெட்டுக்குத்தா எடுத்து உயிர எடுக்குறானுங்க? (மஞ்சக்குப்பம் மூத்த வாசகர்)

பதில்: ஐயா, கண்ண வெச்சு பாத்தா நீங்க சொல்றது நியாயம், ஆனா இத முடிவு பண்ணது கட்டைவிரலு. ஒரு கையில போன புடிச்சா அது நெட்டாத்தான் நிக்கும், திருப்பிப் பாக்க யாருக்கும் பொறுமை இல்ல. 2020 ஜூன் 29-ல டிக்டாக்க இங்க தடை பண்ணாங்க, பத்து நாளுக்குள்ள இன்ஸ்டாகிராம் ரீல்ஸ எறக்குச்சு, செப்டம்பர்ல யூடியூப் ஷார்ட்ஸ மொத மொதல்ல இந்தியாவுலதான் விட்டுப் பாத்தாங்க. அப்பலேர்ந்து நின்ன வீடியோ படுக்கவே இல்ல. 2024 அக்டோபர்லேர்ந்து ஷார்ட்ஸ் 3 நிமிஷம் வரைக்கும் போடலாம்னு வேற ஆக்கிட்டாங்க. நீங்க அகலமாவே பாருங்க, யாரு கேக்கப் போறா.

கேள்வி: எங்க டான்ஸ் ஸ்கூல் பிள்ளைங்க எட்டு பேரு சேந்து ஆடுனது. முழு ஸ்டேஜும் தெரியணும், ரீலாவும் இருக்கணும். எந்த சாஃப்ட்வேர்? (வில்லியனூர் நடன ஆசிரியை)

பதில்: எந்த சாஃப்ட்வேராலயும் ஆவாது டீச்சர். எட்டு பேர் வரிசையா நிக்கிறப்ப அந்த வரிசைதான் அழகு, மூணுல ஒரு பங்குல ரெண்டு மூணு பேருக்கு மேல நிக்க மாட்டாங்க, மிச்சப் பிள்ளைங்க அம்மாங்க உங்கள சும்மா விடுவாங்களா? முழுசா ஆடுனத அகலமாவே யூடியூப்ல போட்டுடுங்க. ரீலுக்கு தனியா, ஒருத்தரா ரெண்டு பேரா முன்னாடி வந்து ஆடுற இடத்த மட்டும் எடுங்க. பரதத்துக்கு தனி ஆளுன்னா வெர்டிகல் ரொம்ப பொருத்தம், உச்சந்தலையிலேர்ந்து பாதம் வரைக்கும் அப்படியே நிக்கும். ஆனா ஜூம் பண்றேன்னு இடுப்புக்கு மேல வெட்டிடாதீங்க, அடவு தெரியாம சலங்கை சத்தம் மட்டும் கேட்டா என்ன இருக்கு அதுல. பிள்ளைங்க குதிச்சு நகர்ற இடத்துல கட்டமும் கூடவே தாவக் கூடாது, அவங்க கிளம்பி அரை நொடி கழிச்சு கட்டம் கிளம்புனா பாக்க இயல்பா இருக்கும்.

ரெண்டுக்கும் நடுவுல வேணும்னா 4:5 வெச்சுக்கலாம், 1080-க்கு 1350. ஃபுல் எச்டி-ல 864 அகலம் மிஞ்சும், மூணு நாலு பேர் நிப்பாங்க, போஸ்ட்டா போட நல்லா இருக்கும்.

கேள்வி: கீழ போட்ட பேரு, போன் நம்பர் எல்லாம் ரீல்ல மறைஞ்சிடுது. (பாகூர் வாசகர்)

பதில்: கீழ கேப்ஷன் உக்காரும், வலது பக்கம் லைக் பட்டன் வரிசை நிக்கும், மேல வேற கொஞ்சம் போயிடும். விளம்பரம் போடுறவங்களுக்கு இன்ஸ்டாகிராம் கம்பெனி மெட்டா சொல்ற அளவு மேல 14, கீழ 35, ரெண்டு பக்கமும் 6 பர்சென்ட் காலியா விடணும்னு. 1920 உயரத்துல கீழ மட்டும் 670 பிக்சல் போல ஆச்சு. அதனால எழுத்த நடுவுக்கு மேல கொண்டு வாங்க. அகல வீடியோல ஏற்கெனவே எழுத்த ஒட்டி எக்ஸ்போர்ட் பண்ணத வெட்டாதீங்க, எழுத்து இல்லாத டைம்லைன்லேர்ந்து ஆரம்பிங்க, இல்லன்னா பொண்ணு பேருல முன்னெழுத்து ஒரு பக்கம் போகும் மாப்பிள்ளை பேரு மறுபக்கம் போகும். கவர் படத்துலயும் பேர நடுவுல வைங்க, ப்ரொஃபைல்ல தெரியுற கட்டம் 2025-லேர்ந்து 3:4 ஆயிடுச்சு.

கேள்வி: காந்தி வீதி சண்டே மார்க்கெட்ல துணி போடுறேன் அண்ணே. கம்ப்யூட்டர் எல்லாம் கெடையாது, போன்தான். (புதுச்சேரி வாசகி)

பதில்: போனே போதும் அக்கா. விஎன், இன்ஷாட்னு ரெண்டு ஆப் இருக்கு, ஒண்ணு போடுங்க, உள்ள போனதும் ரேஷியோவுல 9:16 தொட்டு, ரெண்டு விரலால படத்த விரிச்சு, துணி எங்க இருக்கோ அங்க நகர்த்துங்க, அவ்ளோதான். இன்ஷாட்ல ஃப்ரீயா பண்ணா ஓரத்துல அவங்க பேரு வரும், ஒரு விளம்பரம் பாத்தா எடுத்துடலாம். ஆனா உங்களுக்கு நான் வேற ஒண்ணு கேக்குறேன், துணி விக்கிற வீடியோவ எதுக்கு படுக்க வெச்சு எடுத்து அப்பறம் நிக்க வைக்கணும்? புடவையும் சுடிதாரும் தொங்குறது நெட்டாத்தானே, அடுத்த ஞாயித்துக்கெழம போன நிமித்தியே எடுத்துடுங்க.

கேள்வி: எடுக்கும்போதே ரெண்டுக்கும் சேத்து எடுக்க என்ன வழி? அப்பறம், பார்ட்டி ரீல்ஸ ஃப்ரீயா கேக்குறாங்க, காசு கேக்கலாமா? (செம்மண்டலம் வாசகர்)

பதில்: 4கே-ல எடுங்க. முக்கியமான ஆளு நடுக் கட்டத்துல நிக்கணும், தலைக்கு மேல வழக்கத்த விட கொஞ்சம் எடம் விடுங்க. கேமராவுல 9:16 மார்க்கர் இருந்தா ஆன் பண்ணிக்கோங்க, இல்லன்னா மானிட்டர் மேல ரெண்டு பக்கமும் பேப்பர் டேப் ஒட்டிடுங்க, எல்லாத்தையும் விட அதுதான் நல்லா வேலை செய்யும். ரெண்டு பேர் போற ஆர்டர்னா ஒருத்தர் கேண்டிட (போஸ் இல்லாம இயல்பா எடுக்குறது) கேமராவ நிமித்தியே எடுக்கட்டும், ஸ்டேஜ் ட்ரெடிஷனல் மட்டும் அகலமா ஓடட்டும். ரிசப்ஷன்ல சொந்தக்காரங்க பன்னெண்டு பேர் ஸ்டேஜ்ல வரிசையா நிக்கிறத ரெண்டுக்கும் சேத்து எடுக்க முடியாது, அதுக்கு ஆசைப்படாதீங்க.

காசு கேக்கலாமாவா? கேக்கணும். ஒரு பட்டன் அமுக்குனா மாறிடும்னுதான் பார்ட்டி நெனச்சிட்டு இருக்காங்க, மேல இவ்ளோ நேரம் படிச்சீங்களே, இது ஒரு தனி எடிட்டு, எல்லா ஷாட்டையும் திரும்ப ஒரு தடவ பாக்கணும். ஆனா வேலை முடிஞ்சப்பறம் கேட்டா சண்டைதான் வரும். அட்வான்ஸ் வாங்குற அன்னிக்கே பேப்பர்ல எழுதிடுங்க, ரீல் எத்தன, ஒண்ணொண்ணும் எவ்ளோ நீளம், பாட்டு யாரு சொல்றது, எத்தன தடவ மாத்திக் குடுப்பீங்க, அதுக்கு மேல கேட்டா எவ்ளோ. குடுக்கும்போது 1080-க்கு 1920, எச்.264, 25 ஃப்ரேமுன்னா பிட்ரேட் 8 எம்பிபிஎஸ் வெச்சு எக்ஸ்போர்ட் பண்ணுங்க, 50 ஃப்ரேமுன்னா 12. வாட்ஸ்அப்ல வீடியோவா அனுப்பாதீங்க, டாக்குமெண்ட்டா அனுப்புங்க, இல்லன்னா அது நசுக்கி வெச்சிருக்கறத பாத்துட்டு கிளியரே இல்லன்னு மறுநாளே போன் வரும்.